பொம்மைக்கு அரச உடை: எது ஆறால் வகுபடும், எது வகுபடாது

29 செ.மீ. உயரமுள்ள ஃபேஷன் பொம்மைக்கு, இளவரசி டயானாவின் 1981 திருமண உடையைத் தைத்திருக்கிறீர்கள். அளவுகளை எல்லாம் ஆறால் வகுத்து வெட்டினீர்கள். கல்யாண கவுனுக்கென்றே விற்கும் நல்ல சாட்டினாகப் பார்த்து வாங்கினீர்கள். அப்படியும் இடுப்பு பருத்துவிட்டது, பாவாடை அட்டைபோல் விறைத்து நிற்கிறது, தைத்த முத்துகள் பொம்மைக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிகின்றன. எந்தத் துணி வாங்கினால் சரியாகும் என்று கேட்கிறீர்கள். துணியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த உடையிலும் இதே சிக்கல் வரும். ஒரு உடையைச் சிறிதாக்கும்போது அதில் எதெல்லாம் கூடவே சிறிதாகும், எதெல்லாம் ஆகாது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. நீள அகலம் வகுபடும். துணியின் தடிமன், நூலின் பருமன், துணி தன் எடையால் தொங்கும் விதம் ஆகியவை வகுபடாது. உங்கள் கணக்கு சரிதான். கணக்குக்குள் வராத மூன்று விஷயங்கள்தான் உடையைக் கெடுத்திருக்கின்றன.

முதலில் தடிமன். கல்யாண சாட்டின் ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்கும். பொம்மையின் கண்ணோட்டத்தில் அது ஆறு மடங்கு, அதாவது 2.4 மி.மீ. தடிமனுள்ள துணி. அதில் யாரும் கவுன் தைக்க மாட்டார்கள். இது இடுப்பில்தான் அதிகம் தெரியும். மேல்பகுதியின் வெளித்துணி, அதன் லைனிங், சுருக்கிய பாவாடை, உள்பாவாடை, தையலுக்குள் மடங்கிய ஓரங்கள் என்று இடுப்புத் தையலில் எட்டு அடுக்காவது சேரும். எட்டு அடுக்கு 0.4 மி.மீ. என்றால் 3.2 மி.மீ. ஒரு வட்டத்தின் மேல் இவ்வளவு கனம் ஏறினால் சுற்றளவு 20 மி.மீ. கூடும். இந்த அளவுப் பொம்மைகளின் இடுப்பு பொதுவாக 8 முதல் 9 செ.மீ. வரைதான், அது 11 செ.மீ. ஆகிவிட்டால் டயானாவின் ஒடுங்கிய இடுப்பு போயே போய்விடும். அதே எட்டு அடுக்கு 0.1 மி.மீ. மெல்லிய பட்டாக இருந்தால் சுற்றளவு வெறும் 5 மி.மீ. தான் கூடும். பொம்மை செய்கிறவர்கள் இடுப்பை மனித விகிதத்தைவிட ஒடுக்கமாக வைப்பதற்கு இந்த அடுக்குகளும் ஒரு காரணம்.

அடுத்தது தொங்கல். எந்தத் துணியும் விளிம்பிலிருந்து வளைந்து கீழே விழச் சில சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் துணியின் விறைப்பும் எடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பொம்மை சின்னது என்பதால் அது குறையாது. ஆள் உயரப் பாவாடையில் 4 செ.மீ. ஒரு பொருட்டில்லை. பொம்மைப் பாவாடையில் அது கால்வாசி உயரம். அதனால் கடையில் துணியைக் கையில் கசக்கிப் பார்ப்பது போதாது. ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் ஒரு துண்டு வெட்டி, மேசை விளிம்புக்கு வெளியே 3 செ.மீ. நீட்டி வையுங்கள். நுனி 45 டிகிரிக்கும் கீழே சரிந்து விழுந்தால் அது பாவாடைக்கும், பின்னால் தரையில் நீண்டு இழுபடும் டிரெயினுக்கும் ஆகும். நீட்டியபடியே நின்றால் புடைத்த கைக்கோ காலருக்கோ வைத்துக்கொள்ளலாம், பாவாடைக்கு வேண்டாம். இந்தச் சோதனையில் தேறும் துணிகள் அநேகமாக இவைதான்: 5 முதல் 8 மாமே (பட்டின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள ஹபுதாய் என்ற மெல்லிய பட்டு, மெல்லிய பட்டு டாஃபெட்டா, பட்டு ஷிஃபான், மெல்லிய பருத்தி லான், மல். பாலியஸ்டர் லைனிங் துணி சிலது தொங்கலில் தேறும்; ஆனால் மடிப்பை இஸ்திரியில் நிறுத்துவது கடினம், தப்பாக விழுந்த மடிப்பை எடுப்பது அதைவிடக் கடினம். இழை நெருக்கமாக, பளபளப்பு அடக்கமாக இருப்பதையே எடுங்கள். பொம்மையில் அதிகப் பளபளப்பு உடனே பிளாஸ்டிக்காகத் தெரியும்.

டயானாவின் உடை டாஃபெட்டா என்பதால் ஒரு தர்மசங்கடம் உண்டு. டேவிட், எலிசபெத் இமானுவேல் இருவரும் வடிவமைத்த அந்தத் தந்தநிறப் பட்டு டாஃபெட்டா விறைப்பானது. வண்டியிலிருந்து செயின்ட் பால் தேவாலய வாசலில் இறங்கியபோது கசங்கியிருந்ததை உலகமே பார்த்தது. அந்த விறைப்பும் வேண்டும், பொம்மைக்குத் தொங்கலும் வேண்டும். இரண்டையும் ஒரே துணியில் தேடாதீர்கள். பாவாடைக்கும் டிரெயினுக்கும் 8 மாமே ஹபுதாய். கைகளுக்கும் கழுத்து ஃபிரில்லுக்கும் அதே ஹபுதாயின் அடியில் பட்டு ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியை வைத்து இரண்டையும் ஒரே துணியாக வெட்டித் தையுங்கள். நிறம் ஒன்றாக இருக்கும், விறைப்பு வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

பேட்டர்னை மனித அளவிலிருந்து வகுக்கவே வேண்டாம். பொம்மையின் கால் நீளம், கழுத்து நீளம், மார்பு பெரிது, இடுப்பு சின்னது. எந்த மனித பேட்டர்னும் அதற்குப் பொருந்தாது. பொம்மையின் உடம்பில் சமையலறை பிளாஸ்டிக் உறையை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் காகித ஒட்டுநாடாவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டுங்கள். நடுமுன், நடுப்பின், பக்கத் தையல், இடுப்பு, கழுத்து வளைவு ஆகிய கோடுகளைப் பேனாவால் வரைந்து, பின்பக்கம் கத்தரித்துக் கழற்றி, கோடுகளில் வெட்டித் தட்டையாக்கினால் அதுதான் பேட்டர்ன். தளர்வுக்குச் சுற்றளவில் மொத்தம் 3 மி.மீ. போதும். அசல் உடையின் விகிதங்களைப் படத்திலிருந்து எடுக்கும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். பாவாடை நீளம் பொம்மையின் காலைப் பொறுத்தது. கையின் புடைப்பு, ஃபிரில்லின் அகலம், கழுத்தின் ஆழம் மூன்றையும் தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள நீளத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். முழு உயரத்தோடு ஒப்பிட்டால் கால் நீளம் குறுக்கே வந்து கை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடும். முதல் வெட்டை நல்ல துணியில் போடாமல், அதே தடிமனுள்ள பழைய மல் துணியில் போட்டுப் பாருங்கள். தடிமன் மாறினால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை.

தையலில் சில அளவுகளைக் கறாராகப் பிடித்துக்கொள்ளுங்கள். மெஷினில் 60/8 ஊசி, தையல் நீளம் 1.5 மி.மீ., இடுப்பிலும் அக்குளிலும் 1 மி.மீ. நூல் கிடைப்பதிலேயே மெல்லியதாக இருக்கட்டும். துணியை மெஷின் கீழே இழுத்து விழுங்குகிறது என்றால் அடியில் மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். தையலுக்கு 3 மி.மீ. விட்டால் போதுமென்று முதலிலேயே 3 மி.மீ. விட்டு வெட்டினால் கையாளும்போதே பட்டு பிரிந்துவிடும். 6 மி.மீ. விட்டு வெட்டி, தைத்து, பிசிறு தடுக்கும் திரவத்தை ஊசி முனையால் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு 3 மி.மீ.க்கு நறுக்குங்கள். அந்தத் திரவம் சில பட்டுகளில் ஈரக் கறைபோல் நிரந்தரமாக நின்றுவிடும். துண்டுத் துணியில் பார்க்காமல் உடையில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தையலையும் முடித்ததும் இஸ்திரி போட வேண்டும். சிறிய முனைக்கு, சூடு குறைத்த தலைமுடி நேராக்கும் கருவி நன்றாக உதவும்.

இடுப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உள்பாவாடையை இடுப்பில் சுருக்காதீர்கள். மெல்லிய லானில் இடுப்பிலிருந்து 2.5 செ.மீ. கீழே வரை உடம்போடு ஒட்டிய ஒரு பட்டை வெட்டி, நெட்டின் சுருக்கங்களை அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தில் தைத்தால் இடுப்பில் ஒரே ஒரு அடுக்குதான் சேரும். வெளிப்பாவாடையின் சுருக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை கைத்தையல் ஓட்டி இழுங்கள். ஒரு வரிசையில் சுருக்கம் கோணலாகும். நெட்டும் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். சாதாரண நைலான் நெட்டின் கண்கள் 2 மி.மீ. இருந்தால் அது பொம்மைக்கு மீன்வலை அளவு. முக்காட்டுக்கு டியூல் என்ற வலைத்துணியில் மிக நுண்ணிய கண்ணுள்ள பட்டு டியூல் அல்லது மென்மையான நைலான் டியூல் மட்டும். பெரிய கண் நெட் வெளியே தெரியாத உள்பாவாடைக்குப் போகட்டும்.

டிரெயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த உடையின் அடையாளமே அதுதான். அசல் 25 அடி, 7.62 மீட்டர். ஆறால் வகுத்தால் 1.27 மீட்டர், பொம்மையின் உயரத்தைப்போல் நாலு மடங்குக்கு மேல். காட்சிப் பெட்டிக்குள் அடங்காது என்று பலர் இதை 40 செ.மீ.க்குக் குறைத்துவிடுகிறார்கள். அது வேறு ஏதோ மணப்பெண்ணின் உடையாகிவிடும் என்பது என் கருத்து. முழு நீளத்தையும் ஒரே துண்டாக, நீள இழையில் வெட்டுங்கள். மேடையில் வளைத்து வளைத்துக் கிடத்தலாம். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம், குறுகிய லேஸை நேரடியாக ஓரத்தில் வைத்துத் தைத்துவிட்டால் மடிப்பின் கனம் மிச்சம். டிரெயின் தரையில் படியாமல் தூக்கி நிற்பது எடை போதாததால். ஆவி காட்டி ஈரமாக்கி, மடிப்புகளை விரும்பிய இடத்தில் ஊசிகுத்தி ஒரு ஃபோம் பலகையில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். அப்படியும் எழும்பினால் ஓரத்தின் அடியில் மிக மெல்லிய நகைச் சங்கிலி ஒன்றைக் கோத்துவிடலாம். பாவாடையின் கீழ் ஓரம் வெளியே விரிந்து நிற்க வேண்டிய உடைகளுக்கு இதற்கு நேர்மாறான உத்தி: ஓர மடிப்புக்குள் 0.2 மி.மீ. தூண்டில் நரம்பு.

இனி முத்துகள். டயானாவின் உடையில் ஏறத்தாழ 10,000 முத்துகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். நார்மன் ஹார்ட்னெல் 1947இல் இளவரசி எலிசபெத்துக்குச் செய்த திருமண உடைக்கும் 10,000 சிறு முத்துகள் என்றே சொல்வார்கள். அசலில் ஒரு முத்து 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பொம்மைக்கு அது 0.5 மி.மீ. ஆக வேண்டும். துளையோடு எளிதில் கிடைக்கும் சின்னப் பாசி 15/0 அளவு, கிட்டத்தட்ட 1.5 மி.மீ. விட்டத்தில் மூன்று மடங்கு என்றால் மூடும் பரப்பில் ஒன்பது மடங்கு. எனவே அசலின் அதே அடர்த்தி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் எண்ணிக்கையை ஒன்பதில் ஒன்றாக்கி, 1,100 பாசியோடு நிறுத்த வேண்டும். உங்கள் முத்துகள் உறுத்தியதற்குக் காரணம் இதுதான். பெரிய முத்தையும் நெருக்கமான எண்ணிக்கையையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். இதைவிட நல்ல பலன் கலந்து செய்வதில் கிடைக்கும். பெரும்பகுதியை ஒற்றை இழைப் பட்டு நூலால் ஒரே சுற்று பிரெஞ்சு முடிச்சாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.க்கும் குறைவாக வரும். வடிவத்தின் ஓரங்களில் முத்துநிறத் துணிப் பெயின்ட்டை ஊசி முனையால் புள்ளி வையுங்கள். ஒளி பட்டு மின்ன வேண்டிய கழுத்தோரம், நடு வரி போன்ற சில இடங்களில் மட்டும் நிஜப் பாசி. அரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு மின்னும் சில பாசிகள்தான் மற்ற புள்ளிகளையும் முத்தாகக் காட்டும். பாசிக்கு எடை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். வெறும் ஹபுதாயில் தைத்தால் துணி இழுபட்டுக் குழி விழும், அடியில் ஆர்கன்சா அவசியம்.

லேஸில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. டயானாவின் உடையில் இருந்த பழைய லேஸ், அரசி மேரிக்குச் சொந்தமாயிருந்த காரிக்மாக்ராஸ் லேஸ். 2011இல் அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்தின் சாரா பர்ட்டன் வடிவமைத்த கேத்தரின் மிடில்டனின் உடையிலும், ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் கைவேலைக்காரர்கள் பயன்படுத்தியது அந்த அயர்லாந்து முறையைத்தான். நெட்டின் மேல் மெல்லிய துணியை வைத்து, வடிவத்தின் விளிம்பில் நூலை ஓட்டித் தைத்து, வெளியே மிஞ்சிய துணியை வெட்டியெடுப்பது அதன் செய்முறை. அதாவது கடை லேஸில் சரியான அளவுப் பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே முறையை அப்படியே சின்ன அளவில் செய்யலாம். டியூலை வளையத்தில் இறுக்கி, மேலே பட்டு ஆர்கன்சாவை வைத்து, 5 முதல் 8 மி.மீ. பூக்களை ஒற்றை இழையில் ஓட்டித் தைத்து, மிக நுனியான கத்தரியால் சுற்றிலும் வெட்டுங்கள். டியூலையும் சேர்த்து வெட்டிவிடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் விபத்து. கத்தரியின் வளைந்த முதுகு டியூல் பக்கம் இருக்கும்படி பிடித்தால் அது குறையும். கேத்தரின் உடையின் முதுகில் துணி பொதிந்த 58 பொத்தான்கள். பொம்மையில் ஒவ்வொன்றும் 1.5 மி.மீ. என்றாலும் இடைவெளியே இல்லாமல் 87 மி.மீ. ஓடும். பொம்மையின் முதுகில் நெருக்கி அடைப்பதைவிட எண்ணிக்கையைப் பாதியாக்கி இடைவெளியைச் சீராக வைப்பதே அழகு. அந்தப் பொத்தான்கள் அலங்காரத்துக்கு மட்டும். நிஜமாக மூடுவதற்கு உள்ளே சின்னக் கொக்கியும் நூல் வளையமும். ஒட்டும் வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், லேஸைக் கடித்துக் குதறிவிடும். மணிக்கட்டு வரை ஒட்டிய கைகளுக்குள் பொம்மையின் விரிந்த விரல்கள் நுழையாது. கையில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிப் போகும்.

அடுத்து என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1953 ஜூன் 2 அன்று எலிசபெத் அரசி அணிந்த முடிசூட்டு உடையைப் பலரும் ஆசைப்பட்டுத் தொடங்கிப் பாதியில் விடுவார்கள், ஏனென்றால் அதில் தையலைவிட எம்பிராய்டரிதான் உடை. வெள்ளைச் சாட்டினில் இங்கிலாந்தின் ரோஜா, ஸ்காட்லாந்தின் திஸில், வேல்ஸின் லீக், அயர்லாந்தின் ஷாம்ராக், அவற்றோடு கனடாவின் மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவின் வாட்டில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தாமரை என்று காமன்வெல்த் சின்னங்கள். அசலில் 10 செ.மீ. பூ இங்கே 17 மி.மீ.; அதில் இதழ்க்கோடு ஒவ்வொன்றையும் போட முயன்றால் நூல் குவியலாகிவிடும். ஒவ்வொரு சின்னத்துக்கும் அதை அடையாளம் காட்டும் ஒரே ஒரு அம்சத்தை வைத்துக்கொள்ளுங்கள்: ஷாம்ராக்குக்கு மூன்று இலை, திஸிலுக்குக் குடுவையும் குஞ்சமும், மேப்பிளுக்குக் கூர்முனைகள். நிறங்களை மிக வெளிறலாக வையுங்கள். எம்பிராய்டரி முழுவதையும் வெட்டாத துணியில், சுற்றிலும் 5 செ.மீ. விட்டு வளையத்தில் போட்டு முடித்த பிறகே பேட்டர்னை வைத்து வெட்ட வேண்டும்; தையல் விழ விழத் துணி சுருங்கும். இந்த உடையையும் வடிவமைத்த ஹார்ட்னெல் அதிர்ஷ்டத்துக்காக இடப்பக்கம் ஒரு நான்கிலை ஷாம்ராக்கைச் சேர்த்துவைத்தார். அதை விடாமல் போடுங்கள். தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அதைத் தொடுமுன், கிரேஸ் கெல்லிக்கு 1956இல் ஹெலன் ரோஸ் செய்த திருமண உடையை முயல்வது நல்லது. மடிப்பு மடிப்பான அகலமான இடுப்புப் பட்டி இடுப்புத் தையலை மறைத்துவிடும், மணிபோல் விரியும் பாவாடைக்கு எம்பிராய்டரியும் கிடையாது.

எதை நம்பலாம் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். நீளம், துணி வகை, வடிவமைத்தவர், தேதி போன்றவை ஆவணங்களில் இருப்பதால் உறுதி. முத்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ என்றே கொள்ள வேண்டும், யாரும் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்கப் போவதில்லை. நிறத்துக்குப் படங்களை நம்பவே முடியாது. ஒரே தந்தநிறம் ஒரு படத்தில் வெள்ளையாகவும் இன்னொன்றில் மஞ்சளாகவும் இருக்கும், போதாததற்குப் பட்டு வயதாக ஆக மஞ்சளிக்கும். அன்று இருந்த நிறமா, இன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் நிறமா என்று நீங்களே முடிவெடுத்துக்கொண்டு, மணப்பெண்ணுடைய முகத்துக்கு அருகில் உடை எப்படித் தெரிகிறதென்று பல படங்களில் பார்த்து நடுவாக எடுங்கள். புகைப்படம் வருவதற்கு முந்தைய உடைகளில் சந்தேகம் இன்னும் கூடும். முதலாம் எலிசபெத்தின் முழு உடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஹியர்ஃபோர்ட்ஷயரில் பேக்டன் தேவாலயத்தில் இருந்த எம்பிராய்டரித் துணி அவருடைய உடையிலிருந்து வந்திருக்கலாம் என்பது வலுவான கருத்து, அவ்வளவே. ஓவியங்கள் முன்பக்கத்தை மட்டும் காட்டும். அப்படிப்பட்ட உடையில் முதுகுப்பக்கம் நீங்கள் செய்வது ஊகம்; காட்சிக்கு வைக்கும்போது அப்படியே எழுதி வைப்பதுதான் நேர்மை.

சேகரிப்புப் பொம்மை என்பதால் ஒரு எச்சரிக்கை. வினைல் சாயத்தை உறிஞ்சும். வெள்ளை உடையில் பயமில்லை. முடிசூட்டு மேலங்கியின் ஊதா வெல்வெட், கருஞ்சிவப்பு வெல்வெட் போன்றவற்றைத் முதலில் துவைத்து மிகைச் சாயத்தைப் போக்காமலும், வெள்ளை லைனிங் போடாமலும் அணிவித்தால் தோளில் கறை ஏறும், பிறகு போகாது. செம்பு கலந்த காதணி வினைலில் பச்சையாகப் படியும். சூடான பசை எங்கும் வேண்டாம், காலப்போக்கில் பெயர்ந்துவிடும், துணியில் மேடாகவும் தெரியும். உடையை மடித்து வைக்காமல் அமிலமற்ற டிஷ்யூவோடு குழாயில் சுற்றி வையுங்கள்; பட்டில் விழுந்த ஒரு மடிப்புக்கோடு பொம்மை அளவில் பாவாடைக்குக் குறுக்கே வரப்புபோல் நிற்கும்.

தைத்துவிட்ட உடையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேல்பகுதியின் லைனிங்கை மட்டும் பிரித்தெடுத்து ஹபுதாயில் மாற்றுங்கள். பாவாடையைக் கழற்றி, மேலே சொன்ன இடுப்புப் பட்டை முறையில் புதிதாகப் போடுங்கள். முத்துகளில் மூன்றுக்கு இரண்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அந்த ஊசித் துளைகளிலேயே முடிச்சு போடுங்கள்; துளையும் மறையும். கழற்றிய சாட்டின் 40 செ.மீ. பொம்மைக்கும் பெரும்பாலும் கனம்தான், ஆனால் காட்சி மேடைக்கு விரிக்க அருமையான துணி.